டிசம்பர் 8: ஒரே தேதியில் நடந்தவற்றுக்குள் ஏதாவது சம்பந்தம் உண்டா?

குன்னூர் வாத்தியார்:
எங்கள் பள்ளி வாசல் கரும்பலகையில் தினமும் 'வரலாற்றில் இன்று' எழுதுவது என் வேலை. டிசம்பர் 8க்கு எழுதியது இது. 1980: நியூயார்க்கில் பாடகர் ஜான் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டார். 1985: டாக்காவில் தெற்காசிய நாடுகளின் சார்க் அமைப்பு தொடங்கியது. 1987: அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் நடுத்தரத் தூர அணு ஏவுகணைகளை ஒழிக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். 1991: சோவியத் ஒன்றியம் முடிந்தது என்று ரஷ்யா, உக்ரைன், பெலாரூஸ் தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். 2021: நம் நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 13 பேர் மரணம்.

பிள்ளையை விட வந்த ஒருவர் படித்துவிட்டு, "இதுக்கும் அதுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்டார். இருக்கிறது என்பது என் கட்சி. 87இல் கையெழுத்துப் போட்ட கோர்பச்சேவின் நாடே நாலு வருஷம் கழித்து அதே தேதியில் கலைகிறது. இது சும்மாவா?

கேத்தி மூடுபனி:
சும்மாதான் சார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. வருஷத்துக்கு 365 பெட்டி, அதற்குள் உலகத்தில் நடந்த அத்தனையையும் கொட்டினால் எந்தப் பெட்டியும் காலியாக இருக்காது. அதில் பொருந்துவதை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு ஆச்சரியப்படுகிறோம்.

இன்னொன்று. லெனனைச் சுட்டது அங்கே இரவு 11 மணியை நெருங்கும் நேரம். அப்போது குன்னூரில் 9ஆம் தேதி காலை, ஒன்பது மணி தாண்டிவிட்டது. உங்கள் பலகை எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்க்கிறது?

டைகர்ஹில்:
எல்லாத் தேதியும் காக்கை இல்லை, மூடுபனி. 1930 ஜனவரி 26 பூரண சுதந்திர நாளாகக் கொண்டாடப்பட்டது. அதனால்தான் 1950இல் குடியரசுக்கு அதே நாளை வைத்தார்கள். ஆகஸ்ட் 15ஐ மவுண்ட்பேட்டன் பிடித்துக்கொண்டதும் 1945இல் ஜப்பான் சரணடைந்ததாக அறிவித்த நாள் என்பதால். அங்கே சம்பந்தம் நிஜம்.

கேத்தி மூடுபனி:
அதைத்தானே நானும் சொல்கிறேன்? அது மனிதர்கள் பார்த்து வைத்த தேதி, கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறிப்பது மாதிரி. தானாக விழுந்ததோடு அதைச் சேர்க்கக் கூடாது. ஊரில் திவசத்துக்குத் திதிதான் பார்க்கிறோம். அந்தக் கணக்கில் போனால் வாத்தியாரின் பலகை மொத்தமும் கலைந்துபோகும்.

இதையும் பாருங்கள். 1941இல் ஜப்பான் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கிய தேதி டிசம்பர் 8. அமெரிக்காவின் பேர்ல் ஹார்பரில் குண்டு போட்டது டிசம்பர் 7. ஆனால் மலாயாவில் இறங்கியதுதான் ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்தியது! நடுவில் சர்வதேசத் தேதிக்கோடு இருப்பதால், முன்னால் நடந்தது 8, பின்னால் நடந்தது 7. ரப்பர் தோட்டத்து நம் ஜனங்களுக்கு யுத்தம் வந்த அந்த ராத்திரி பலகையில் இல்லவே இல்லை.

குன்னூர் வாத்தியார்:
1941 விட்டுப்போனது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் கணக்காகவே பார்க்காதீர்கள். 1975 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில் காமராஜர் மறைந்தார். அப்பா அதைச் சொல்லும்போதெல்லாம் குரல் உடையும். காரணம் இல்லை என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஒரு தேதியால் இரண்டு பேரையும் கடைசிவரை சேர்த்தே நினைத்தார். பிள்ளைகளுக்கும் வருஷம் மறந்துபோகும், இது நிற்கும்.

கூடலூர்க்காரி:
நினைவில் நிற்கும், சரி. யாருடைய நினைவு, வாத்தியாரே? என் அண்ணன் மகன் உங்கள் பள்ளிதான். அக்டோபர் 30 அன்று பலகையைப் படம் எடுத்து அனுப்பினான். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பிறந்ததும் மறைந்ததும் அதே தேதி என்று இருந்தது. விஞ்ஞானி ஹோமி பாபா பிறந்த நாள் என்றும் இருந்தது. 1964 அக்டோபர் 30 பற்றி எதுவும் இல்லை. இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்ட நாள். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளி மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு அங்கே குடியுரிமை, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தலையை எண்ணிப் பிரித்தார்கள். எங்கள் தாத்தா கண்டியிலிருந்து பெட்டியோடு வந்து இங்கே டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இறங்கியது அந்தக் கையெழுத்தால். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் எத்தனை குடும்பம்! நீலகிரியில் தொங்கும் பலகையில் அதற்கு ஒரு வரி கிடையாதா?

டைகர்ஹில்:
இது வேறு சண்டை ஆயிற்றே. தேதிக்கு அர்த்தம் உண்டா என்பதுதான் கேள்வி.

கூடலூர்க்காரி:
அதே சண்டைதான் அண்ணா. அர்த்தம் தேதியில் இல்லை, சாக்பீஸ் பிடிக்கிற கையில் இருக்கிறது.

குன்னூர் வாத்தியார்:
பலகையில் ஐந்து வரிதான் அம்மா பிடிக்கும். (இது சாக்கு என்று எனக்கே தெரிகிறது.)

காட்டேரி வளைவு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு வாதம் இல்லை, ஒரு திருத்தம் மட்டும். ஹெலிகாப்டர் சூலூரிலிருந்து வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்கு வந்துகொண்டிருந்தது. அதில் இருந்தது 14 பேர். நஞ்சப்பசத்திரம் ஆட்கள்தான் முதலில் ஓடினார்கள், வீட்டுக் கம்பளியும் குடத்துத் தண்ணீருமாக. உயிரோடு கிடைத்த குரூப் கேப்டன் வருண் சிங்கை வெலிங்டனில் வைத்துப் பார்த்து, பிறகு பெங்களூருக்குக் கொண்டு போனார்கள். அந்த ஒரு வாரம் இங்கே கோயிலிலும் சர்ச்சிலும் அவர் பெயர்தான். டிசம்பர் 15 அன்று அவரும் போய்விட்டார். உங்கள் பலகையில் 13 என்றுதான் இருக்கிறது. 8ஆம் தேதிக்கு அது சரி. பதினாலாவது ஆளை எங்கே எழுதுவீர்கள்?

கேத்தி மூடுபனி:
இதை நான் யோசிக்கவில்லை.

குன்னூர் வாத்தியார்:
டிசம்பர் 15க்கு இரண்டு வரி தயாராக வைத்திருந்தேன். 1950, படேல் மறைவு. 1952, ஆந்திர மாநிலம் கேட்டுச் சென்னையில் உண்ணாவிரதம் இருந்த பொட்டி ஸ்ரீராமுலு மறைவு. மூன்றாவது வரியை இப்போது எழுதி வைத்துவிட்டேன். கூடலூர்க்காரி, அக்டோபர் 30க்கு உங்கள் தாத்தா வந்த வருஷம் வேண்டும், அனுப்புங்கள்.

கூடலூர்க்காரி:
அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன். தேதி கேட்காதீர்கள், மழைக்காலம் என்று மட்டும்தான் அவருக்கு ஞாபகம்.