ஓசியா 3 உங்களை எங்கே பிடித்தது? அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

தேரிக்காட்டான்:
ஓசியா கதை எல்லாருக்கும் தெரியும் (பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி, துரோகம் செய்த மனைவி கோமேரை வைத்து இஸ்ரவேலின் துரோகத்தைப் பேசுகிறவர்), அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். லெந்து (ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம்) வெள்ளிக்கிழமை ஆராதனை. கோமேரை 15 வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் கொடுத்து ஓசியா திரும்ப வாங்குகிற இடத்தை ஐயர் (எங்கள் சபைப் போதகர்) எடுத்தார். யாத்திராகமத்தில் அடிமைக்கு 30 வெள்ளி என்று இருக்கிறது, இந்த மனுஷன் கையில் பாதிதான் இருந்திருக்கும், மீதிக்கு வீட்டுத் தானியத்தை அள்ளிக்கொண்டு போயிருப்பார் என்றார். (விளக்கவுரைகளிலும் இது உண்டு, அவருடைய சொந்தச் சரக்கு இல்லை.) பெண்கள் பக்கம் முன்வரிசையில் என் அத்தை. மகன் வாங்கிய கடனுக்கு அப்போதுதான் வளையலை விற்றிருந்தாள். வாற்கோதுமை என்று ஐயர் வாயில் வந்ததும் வெறும் மணிக்கட்டை மற்றக் கையால் பொத்திக்கொண்டாள், ஆசீர்வாதம் கூறும்வரை எடுக்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டும்போது, "ஏல, திரும்பக் கூட்டிட்டு வந்தப்புறம் அவ ஒழுங்கா இருந்தாளான்னு ஏன் எழுதல?" என்று கேட்டாள்.

வீட்டுக்கு வந்து 14 அதிகாரத்தையும் புரட்டினேன். அநேகநாள் காத்திரு என்று அவளிடம் சொல்வதோடு சரி, அப்புறம் பேச்சு இஸ்ரவேலுக்குப் போய்விடுகிறது. அத்தைக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

இரவு ஷிப்ட்:
என் தங்கச்சி போன பிறகு அப்பா கோயில் பக்கமே போனதில்லை. வீட்டில் ஜெபம் ஆரம்பித்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போய்விடுவார். கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்த வயதான உபதேசியார் ஒருவர் இவரிடமும் வந்தார், அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜெபிக்கட்டுமா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு 88ஆம் சங்கீதத்தை வாசித்தார். அதில் ஆறுதல் கிடையாது, முடிவதும் இருட்டில்தான். அப்பா திரும்பாமலே, "இது வேதத்துலயா இருக்கு?" என்றார். "ஆமா, கோராகின் புத்திரர் பாட்டு" என்றார் அவர். மோசேக்கு எதிராக எழும்பி, பூமி வாய் திறந்து விழுங்கிய அதே கோராகு. அவன் பிள்ளைகள் சாகவில்லை என்று எண்ணாகமம் 26ல் ஒரே ஒரு வரி வரும், நான் அதுவரை கவனித்ததே இல்லை. அந்த வம்சம்தான் பிற்பாடு ஆலயத்தில் பாடியிருக்கிறது, வாசலையும் காத்திருக்கிறது. அப்பாவுக்கு இதெல்லாம் தெரியுமா என்று தெரியாது. "இன்னொருக்கா வாசிங்க" என்றார், அவ்வளவுதான்.

பெஞ்சுக்காரன்:
தேரிக்காட்டான் தம்பி, முதலில் ஒன்று. மூன்றாம் அதிகாரத்தில் கோமேர் என்ற பெயரே கிடையாது, அவள்தான் என்று பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம், உங்கள் ஐயர் இரண்டாம் அதிகாரத்தை ஏன் விட்டார்? வழியை முள்ளால் அடைப்பேன், கொடுத்த தானியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்று கடவுள் சொல்வது அங்கே இருக்கிறதே. நாம் உண்மையில்லாதவர்களாயிருந்தாலும் அவர் உண்மையுள்ளவர் என்று 2 தீமோத்தேயு 2:13ஐ ஆட்டோ கண்ணாடியில் ஒட்டுகிறார்கள், நாம் மறுதலித்தால் அவரும் மறுதலிப்பார் என்கிற முந்தின வசனத்தை ஒருத்தரும் ஒட்டிப் பார்த்ததில்லை.

என் தம்பியும் உங்கள் அத்தை மகன் மாதிரிதான். ஒருநாள் ராத்திரி அம்மா கதவைத் திறக்கவில்லை, திண்ணையில் படுத்தான், காலையில் அம்மாதான் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அத்தையிடம் இதைச் சொல்லுங்கள்: கடன்காரர் வந்தால் மகனே பேசட்டும். ஜாமீன் கையெழுத்து போடவே கூடாது, நீதிமொழிகளே திரும்பத் திரும்ப எச்சரிக்கிறது. மீதி நகை இருந்தால் லாக்கருக்குப் போகட்டும், சாவி வீட்டில் வேண்டாம். குடியும் இருக்கிறது என்றால் முதலில் டாக்டர், ஜெபக்கூட்டத்தில் பெயர் சொல்லி அவமானப்படுத்துவது அப்புறமும் வேண்டாம். லூக்கா 15ல், சொத்தைப் பிரித்து வாங்கிப்போய் அழித்த இளைய மகன் கதையில், தகப்பன் தூரதேசத்துக்குக் கடன் அடைக்கப் போகவில்லை. பன்றித் தவிட்டுக்கு ஆசைப்படும் நிலை வந்தும் போகவில்லை. மகன் திரும்பி வருவதைத் தூரத்தில் கண்ட பிறகுதான் ஓடினார்.

காவிரிக்கரை:
பெஞ்சுக்காரன் அண்ணா, அத்தை லாக்கர் பற்றிக் கேட்கவில்லை. கேட்டது வேறு. லூக்கா 15ஐயே எடுத்தீர்கள், மூத்த மகன் விருந்துக்கு உள்ளே போனானா என்று அதிலும் எழுதவில்லை. யோனா தீர்க்கதரிசியும் வெயிலில் உட்கார்ந்து கோபப்படுவதோடு சரி, கடவுள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கு அவன் பதிலே இல்லை.

என் அனுபவம் என் அப்பாயி. எங்களுடையது மெதடிஸ்ட் வழி வந்து 1947ல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்த சபை, அதனால் புத்தாண்டில் உடன்படிக்கை ஆராதனை உண்டு, வெஸ்லி 1755ல் தொடங்கியது. என்னைப் பயன்படுத்தினாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி என்கிற மாதிரி ஒரு வரியைச் சபை முழுக்கச் சேர்ந்து வாசிக்கும். அப்பாயி பைபிள் உமனாக (பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் சபை ஊழியராக) இருந்தவர், ஏனென்று சொல்லாமலே நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து அந்த இடம் வந்தால் விரல் வரிமேல் நகரும், வாய் திறக்காது. ஏன் அப்பாயி என்றால், "ஒப்புக்காத பத்திரத்துல கையெழுத்துப் போடச் சொல்றியா?" ஆனால் இராப்போஜனத்துக்கு (அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு) முதல் ஆளாகப் போய் முழங்கால் போடுவது அவர்தான். இதைக் கலகம் என்பதா, எனக்குப் பிடிபடவில்லை.

பெஞ்சுக்காரன்:
லாக்கர் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.

அப்பாயியைக் கலகக்காரி என்று நான் சொல்ல மாட்டேன். கலகம் என்றால் எண்ணாகமம் 14: வனாந்தரத்தில் இஸ்ரவேலர் வேறு தலைவனை வைத்துக்கொண்டு எகிப்துக்கே திரும்புவோம் என்றார்கள். மோசே மன்றாடினார், மன்னிப்பும் கிடைத்தது, ஆனால் அந்தத் தலைமுறை கானானைப் பார்க்காது என்ற தீர்ப்பு மாறவில்லை, 40 வருஷம். நான் சொல்லவந்தது இதைத்தான், முதலில் கொஞ்சம் சூடாகச் சொல்லிவிட்டேன். தீர்ப்பு வாங்கிய அதே ஜனத்துக்கு மன்னா (வானத்திலிருந்து கடவுள் கொடுத்த ஆகாரம்) நிற்கவில்லை. யோசுவா 5:12 பாருங்கள், கானான் தேசத்துத் தானியத்தைச் சாப்பிட்ட மறுநாள்தான் நின்றது.