ஆர்டோரில் 'டிக் டிக்', மிடி கீபோர்டில் தாமதம்: பைப்வயரில் எங்கிருந்து சரிசெய்வது?

யாழ்நரம்பு (கேள்வி)

உபுண்டு 24.04, கர்னல் 6.8, 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப். இரண்டு உள்ளீடு கொண்ட யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், கிளாஸ் கம்ப்ளையன்ட் வகை (தனி டிரைவர் நிறுவத் தேவையில்லாதது). முதல் உள்ளீட்டில் கண்டென்சர் மைக், இரண்டாவதில் கிட்டார். தனியாக ஒரு யூஎஸ்பி மிடி கீபோர்டு. ஆர்டோர், ரீப்பர் என்ற இரண்டு ஒலிப்பதிவு நிரல்களும் போட்டிருக்கிறேன். ஹெட்போன் லேப்டாப்பிலேயே செருகியிருக்கிறது.

பிரச்சினைகள்:

1. பதிவு செய்யும்போது இடையிடையே 'டிக்' சத்தம். பதிவான கோப்பிலும் அது இருக்கிறது.
2. ஆர்டோரில் ஒலி அமைப்பாக ஆல்சாவைத் தேர்ந்தெடுத்தால் சில நேரம் திறக்கிறது, சில நேரம் டிவைஸ் பிஸி என்கிறது. எப்போது எது என்று பிடிபடவில்லை.
3. ரீப்பரில் கீபோர்டு கட்டையை அழுத்தினால் சத்தம் பின்தங்கி வருகிறது. வாசிக்கவே முடியவில்லை.
4. பாடினால் இடது காதில் மட்டும் கேட்கிறது.
5. விண்டோஸில் வாங்கிய சில விஎஸ்டி பிளகின்களை (ஒலிப்பதிவு நிரலுக்குள் ஓடும் இசைக்கருவி, எஃபெக்ட் துணைநிரல்கள்) இங்கே ஓட்ட வேண்டும்.

தேடினால் ஒருவர் பல்ஸ்ஆடியோவை நீக்கு என்கிறார், ஒருவர் ஜாக் சர்வர் போடு என்கிறார், இன்னொருவர் ரியல்டைம் கர்னல் இல்லாமல் ஒன்றும் நடக்காது என்கிறார். எதில் தொடங்குவது?

---

நள்ளிரவு_டெர்மினல்

முதல்ல எதையும் நீக்காதீங்க. உபுண்டு 22.10-லிருந்தே ஒலிக்கு பைப்வயர்தான் இயல்பு. கர்னலுக்குள்ள சவுண்ட் கார்டோட பேசுறது ஆல்சா, அதுக்கு மேல பைப்வயர். பல்ஸ்ஆடியோ கேட்கிற நிரலுக்கும் ஜாக் கேட்கிற நிரலுக்கும் பதில் சொல்றது அதே பைப்வயர்தான். நீங்க படிச்ச அறிவுரையெல்லாம் அதுக்கு முந்தின காலத்தது. அதைக் கேட்டு ஏதாவது நீக்கினா டெஸ்க்டாப் ஒலியும் சேர்ந்து போயிடும்.

உங்க கேள்வியில என் கண்ணுல முதல்ல பட்டது ஹெட்போன் லேப்டாப்பில் இருக்குங்கிறதுதான். 'டிக்'குக்கு நான் சந்தேகப்படுறது அதைத்தான். இன்டர்ஃபேஸுக்குள்ள ஒரு படிகக் கடிகாரம், லேப்டாப் சவுண்ட் சிப்புக்கு இன்னொன்று. ரெண்டும் 48,000-னு சொல்லும், ஆனா ஒன்று நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் அளவீடு) எடுத்தா இன்னொன்று 48,002 எடுக்கும். ஒரு நிமிஷத்துல 120 சாம்பிள் வித்தியாசம். 128 சாம்பிள் பஃபர் (இடைத்தேக்கம்) வெச்சிருந்தா ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல போனதும் அது காலி. பைப்வயர் இதைச் சமாளிக்க ஒரு பக்கத்தை மறுபக்க வேகத்துக்கு ரீசாம்பிள் பண்ணிக்கிட்டே இருக்கும். அதுக்கு இடைவெளி வேணும், சிபியு வேணும். பஃபரைச் சின்னதாக்கினா முதல்ல உடையுறது அந்த இடம்தான்.

கண்ணால பார்க்க, பதிவு ஓடும்போது டெர்மினலில்:

பிடபிள்யூ-டாப்

இடப்பக்கம் எஸ் பத்தியில் ஆர்னு இருந்தா அந்த நோட் (சாதனமோ நிரலோ) ஓடுது. கூட்டல் குறி இல்லாம இருக்கிறது டிரைவர், அதாவது கடிகாரம் அதுதான். கீழே கூட்டல் குறியோட வர்றதெல்லாம் அதைப் பின்தொடர்றவை. இன்டர்ஃபேஸ் டிரைவரா இருந்து, அதன் கீழே லேப்டாப் ஸ்பீக்கரும் கூட்டல் குறியோட வந்தா, மேலே சொன்ன ரெண்டு கடிகாரச் சிக்கல் உங்ககிட்ட இருக்கு. எர்ர் பத்தியில் எண் ஏறினா ஒவ்வொரு ஏற்றமும் ஒரு எக்ஸ்ரன், அதாவது ஒலி நேரத்துக்கு வந்து சேராம விட்டுப்போன இடம்.

செய்ய வேண்டியது:

ஹெட்போனை இன்டர்ஃபேஸில் செருகுங்க. பாவுகன்ட்ரோல் நிறுவி, கடைசி டேபில் லேப்டாப்பின் உள் சவுண்ட் கார்டை 'ஆஃப்' பண்ணுங்க. எச்டிஎம்ஐ, வெப்கேம் மைக் இருந்தா அதுவும் ஆஃப். இன்டர்ஃபேஸுக்கு 'புரோ ஆடியோ' சுயவிவரம் தேர்ந்தெடுங்க. இதுல சேனல்கள் இடது வலதுன்னு வராது, ஆக்ஸ்0, ஆக்ஸ்1-னு தனித்தனியா வரும். ஹார்டுவேர் மிக்சரை பைப்வயர் தொடாது. அதனால சத்தம் திடீர்னு குறைவாவோ அதிகமாவோ வந்தா ஆல்சாமிக்சர் திறந்து, எஃப்6-ல் கார்டைத் தேர்ந்து அங்கேதான் சரிபண்ணணும். எம்எம்-னு காட்டினா மியூட், எம் விசை அழுத்தினா 00 ஆகும். முதல் தடவை ஹெட்போனைக் காதுல மாட்டாம சோதிங்க.

இப்போ தாமதம். பைப்வயர் ஒரு சுற்றுக்கு எடுக்கிற சாம்பிள் எண்ணிக்கைதான் குவாண்டம், இயல்பு 1024. 48,000-ல் அது 21.3 மில்லிசெகண்ட், போகும் வழி மட்டும். 256 வெச்சா 5.3, 128 வெச்சா 2.7, 64 வெச்சா 1.3. கட்டளை:

பிடபிள்யூ-மெட்டாடேட்டா -என் செட்டிங்ஸ் 0 கிளாக்.ஃபோர்ஸ்-குவாண்டம் 128

கடைசி எண்ணை 0-னு கொடுத்தா பழையபடி ஆயிடும். இது நிரந்தரம் இல்லை, மறுதொடக்கத்துல போயிடும். சோதிக்கிறதுக்கு அதுவே வசதி. பதிவு பண்ணும்போது 128, மிக்ஸ் பண்ணும்போது 1024. மிக்ஸ் பண்றப்போ 64 வெச்சு சிபியுவைக் கொல்றதுல ஒரு பிரயோஜனமும் இல்லை.

ரீப்பரில் ஆடியோ சாதனம் பல்ஸ்ஆடியோன்னு இருந்தா குவாண்டத்தை எவ்வளவு குறைச்சாலும் தாமதம் போகாது, நடுவுல இன்னொரு பஃபர் நிக்கும். ஜாக்-னு மாத்துங்க.

---

ஓம்கார_ஒலி

முதல் பதிலுடன் உடன்படுகிறேன். இரண்டாவது, நான்காவது கேள்விகளுக்கு என் பங்கு.

டிவைஸ் பிஸி ஏன் சில நேரம் மட்டும் வருகிறது என்றால், ஆல்சா வழியாகத் திறக்கும் நிரல் சாதனத்தை முழுக்கத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அது பைப்வயரின் கையில் இருந்தால் கிடைக்காது. ஒலி நின்று சுமார் 5 நொடி கழிந்ததும் பைப்வயரின் மேலாளரான ஒயர்பிளம்பர் சாதனத்தைத் தூங்கவைத்துக் கையைவிடும். எனவே உலாவியில் எதுவும் ஓடாமல் சற்றுப் பொறுத்து ஆர்டோரைத் திறந்தால் கிடைக்கும். அறிவிப்பு மணி ஒன்று அடித்த கையோடு திறந்தால் கிடைக்காது.

ஆர்டோரில் ஆல்சாவுக்குப் பதிலாக ஜாக் தேர்ந்தெடுங்கள். ஆனால் உபுண்டுவில் இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஜாக் நூலகமாக இயல்பில் கிடைப்பது பழைய ஜாக்டி2-இன் நூலகம். ஆர்டோர் அதைப் பிடித்துக்கொண்டு, இல்லாத ஜாக் சர்வரைத் தேடும் அல்லது தானே ஒன்றைத் தொடங்கப் பார்க்கும். அப்போதும் அதே பிஸி பிழைதான் வரும், காரணம் மட்டும் வேறு. பைப்வயர்-ஜாக் தொகுப்பை நிறுவிவிட்டு, ஆர்டோரை இப்படித் தொடங்குங்கள்:

பிடபிள்யூ-ஜாக் ஆர்டோர்

ரீப்பருக்கும் அப்படியே. ஒவ்வொரு முறையும் இதை முன்னால் போட விருப்பமில்லை என்றால், பைப்வயரின் ஆவண அடைவில் எடுத்துக்காட்டுகளுக்குள் எல்டி.எஸ்ஓ.கான்ஃப்.டி என்று ஓர் அடைவு இருக்கும். அதிலுள்ள பைப்வயர்-ஜாக் கோப்பை ஈடிசி-க்குள் அதே பெயருள்ள அடைவில் நகலெடுத்து, சூடோவுடன் எல்டிகான்ஃபிக் ஓட்டினால் போதும். அதன்பின் எல்லா ஜாக் நிரல்களும் பைப்வயருக்கே வரும்.

இடது காது விஷயம் பழுது அல்ல. இன்டர்ஃபேஸ் இரண்டு உள்ளீடுகளையும் ஒரு ஸ்டீரியோ இணையாகக் காட்டுகிறது, நீங்கள் ஸ்டீரியோ டிராக் திறந்திருக்கிறீர்கள். மைக் முதல் உள்ளீடு என்பதால் இடது. மோனோ டிராக் ஒன்று சேர்த்து அதன் உள்ளீடாக ஆக்ஸ்0 கொடுங்கள், கிட்டாருக்கு இன்னொரு மோனோ டிராக், ஆக்ஸ்1. எது எதோடு இணைந்திருக்கிறது என்று பார்க்க கியூபிடபிள்யூகிராஃப் வைத்துக்கொள்ளுங்கள். கம்பி இழுத்து இணைக்கலாம், பிரிக்கலாம்.

இன்னொன்று: இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் பொத்தான் இருந்து அது ஆனில் இருந்தால், உங்கள் குரல் நேராக ஒருமுறை, ஆர்டோர் சுற்றி வந்து ஒருமுறை என்று இரண்டாகக் கேட்கும். இடைவெளி சில மில்லிசெகண்ட் மட்டும் என்றால் எதிரொலியாகத் தெரியாது. குரல் குழாய்க்குள் இருந்து வருவது போல் மெலிந்து கேட்கும். மைக்தான் மோசம் என்று பலர் நினைப்பது இதைத்தான். இரண்டில் ஒன்றை அணைக்க வேண்டும். பாடும்போது டைரக்ட் மானிட்டரை வைத்துக்கொண்டு ஆர்டோரில் அந்த டிராக்கின் மானிட்டரை அணைப்பது நல்லது, அப்போது குவாண்டம் 512 இருந்தாலும் பாடுபவருக்குத் தாமதம் தெரியாது. கிட்டாரைக் கிட்டாரிக்ஸ் போன்ற ஆம்ப் பிளகின் வழியாகக் கேட்க வேண்டுமானால் நேர்மாறு.

---

கர்னல்_காவலன்

ரியல்டைம் கர்னல் பற்றி யாரும் சொல்லவில்லையே. குவாண்டம் 128-க்குக் கீழே போக வேண்டுமானால் உபுண்டுவில் லோலேட்டன்சி (குறைந்த தாமத) கர்னல் போடுவதே சரி. இல்லையெனில் ஜெனரிக் கர்னலிலேயே கிரப் (கணினியைத் தொடங்கும் நிரல்) வரியில் பிரீஎம்ப்ட்=ஃபுல், திரெட்ஐஆர்க்யூஸ் இரண்டையும் சேர்த்து, அப்டேட்-கிரப் ஓட்டி மறுதொடக்கம் செய்யலாம். ரியல்டைம் ஆதரவான பிரீஎம்ப்ட்_ஆர்டி இப்போது 6.12 முதல் முதன்மைக் கர்னலிலேயே வந்துவிட்டது, தனி பேட்ச் தேவையில்லை.

---

நள்ளிரவு_டெர்மினல்

@கர்னல்_காவலன் தகவல் சரி, வரிசைதான் தப்பு. 128-ல் ஒரு மைக், ஒரு கிட்டார் பதிவு பண்ண ஜெனரிக் கர்னலே போதும். 'டிக்' வர்றதுக்கு கர்னலுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது நிறைய இருக்கு:

எல்எஸ்யூஎஸ்பி -டி ஓட்டிப் பாருங்க. யூஎஸ்பி 2.0 இன்டர்ஃபேஸுன்னா அதுக்கு நேரே 480எம் இருக்கணும். அதுக்கு 12எம்-னு காட்டினா கேபிளையோ ஹப்பையோ சந்தேகப்படுங்க (மிடி கீபோர்டுக்கும், யூஎஸ்பி 1.1 வகை மலிவு இன்டர்ஃபேஸுக்கும் 12எம் இருந்தா பரவாயில்லை). இன்டர்ஃபேஸை ஹப்பில் போடாம லேப்டாப் போர்ட்டில் நேரா போடுங்க. கண்டென்சர் மைக்குக்கான 48 வோல்ட் ஆன் பண்ணதும் சாதனம் விட்டுவிட்டு வந்தா மின்சாரம் பத்தலைன்னு அர்த்தம்.

பவர்புரொஃபைல்ஸ்சிடிஎல் செட் பெர்ஃபார்மன்ஸ். பேட்டரி சேமிப்பு நிலையில் சிபியு வேகம் ஏறி இறங்குறதுதான் சின்னக் குவாண்டத்துக்கு எமன்.

யூலிமிட் -ஆர் ஓட்டினா 0 வருதா? அப்போ உங்களுக்கு ரியல்டைம் முன்னுரிமை அனுமதி இல்லை, ஈடிசி-க்குள் செக்யூரிட்டி, அதுக்குள்ள லிமிட்ஸ்.டி அடைவில் ஆடியோ.கான்ஃப் கோப்புல ரெண்டு வரி:

@ஆடியோ - ஆர்டிபிரையோ 95
@ஆடியோ - மெம்லாக் அன்லிமிடெட்

பிறகு உங்க பயனரை ஆடியோ குழுவில் சேர்த்து, முழுசா லாக்அவுட் பண்ணி வாங்க. டெர்மினலை மூடித் திறந்தா போதாது.

வைஃபையை அணைச்சுட்டு ஒருதடவை பதிவு பண்ணிப் பாருங்க. 'டிக்' நின்னா, அப்போ திரெட்ஐஆர்க்யூஸ் பக்கம் போகலாம்.

---

சுருள்_கேபிள்

பிளகின் கேள்விக்கு: யாபிரிட்ஜ். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் ஒயின் வழியாக விண்டோஸ் விஎஸ்டி2, விஎஸ்டி3 இரண்டையும் லினக்ஸ் பிளகின் போலவே காட்டும். பிளகினின் நிறுவியை ஒயினில் ஓட்டுங்கள், பிறகு யாபிரிட்ஜ்சிடிஎல் ஆட் என்று அது போய் உட்கார்ந்த அடைவைக் கொடுங்கள் (விஎஸ்டி3 என்றால் டிரைவ்_சி-க்குள் புரோகிராம் ஃபைல்ஸ், காமன் ஃபைல்ஸ், விஎஸ்டி3), பிறகு யாபிரிட்ஜ்சிடிஎல் சிங்க். ரீப்பரில் மறுபடி ஸ்கேன்.

ஒயின் பதிப்பைக் கவனியுங்கள். யாபிரிட்ஜ் 5.1.1-உடன் ஒயின் 9.22 அல்லது அதற்கு மேல் போனால் பிளகின் சாளரத்தில் மவுஸ் ஓரிடத்தில், கிளிக் வேறிடத்தில் விழும். ஒயின்-ஸ்டேஜிங் 9.21 போட்டு ஏப்டி-மார்க் ஹோல்ட் செய்து நிறுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் அடுத்த அப்டேட்டில் ஏறிவிடும்.

ஆர்டோர், ரீப்பரை ஃபிளாட்பேக்காக (மற்றவற்றிலிருந்து பிரித்து அடைத்த தொகுப்பாக) நிறுவியிருந்தால் இது எதுவும் வேலை செய்யாது. அந்தச் சிறைக்குள் இருந்து வெளியே உள்ள ஒயினும் தெரியாது, ஏப்டி வழியாகப் போட்ட எல்வி2 பிளகின்களும் தெரியாது. ஐலாக் வகை உரிமப் பாதுகாப்பு உள்ள பிளகின்களுக்கு நேரம் செலவிடாதீர்கள். அவற்றுக்குப் பதில் லினக்ஸிலேயே ஓடுபவற்றை முதலில் பாருங்கள்: சிந்துக்கு சர்ஜ் எக்ஸ்டி, வைட்டல், ஈக்யூ, கம்ப்ரெசருக்கு எல்எஸ்பி, ரிவெர்புக்கு டிராகன்ஃபிளை. ஒயின் இல்லாத பிளகின் சின்னக் குவாண்டத்திலும் நின்று ஓடும்.

---

யாழ்நரம்பு

ஹெட்போனை இன்டர்ஃபேஸுக்கு மாற்றி, உள் கார்டை ஆஃப் செய்து, புரோ ஆடியோ, 128 வைத்தேன். பதிவில் 'டிக்' இல்லை, கீபோர்டு வாசிக்கும்படி இருக்கிறது. ஆனால் புதிய பிளகின் சேர்க்கும்போதெல்லாம் பிடபிள்யூ-டாப்பில் எர்ர் இரண்டு மூன்று ஏறுகிறது. இதற்கும் ஏதாவது செய்ய வேண்டுமா? அத்துடன், ரீப்பரில் ஏற்கெனவே பதிந்த தாளத்துக்கு மேல் கிட்டார் பதிந்தால் மிக மிகச் சிறிதாகப் பின்தங்குவது போல் தெரிகிறது.

---

ஓம்கார_ஒலி

பிளகின் ஏற்றும்போது, திட்டம் திறக்கும்போது எர்ர் ஏறுவது வழக்கம், விட்டுவிடுங்கள். பதிவு ஓடும் நடுவில் ஏறினால் மட்டும் கவலைப்படுங்கள்.

பின்தங்குவதற்குக் காரணம், யூஎஸ்பியிலும் இன்டர்ஃபேஸின் மாற்றிகளிலும் ஆகும் தாமதம் ரீப்பருக்குச் சொல்லப்படும் கணக்கில் முழுதாக வருவதில்லை. ஹெட்போனைக் கழற்றி, இன்டர்ஃபேஸின் லைன் வெளியீடு ஒன்றிலிருந்து இரண்டாவது உள்ளீட்டுக்கு ஒரு கேபிள் போடுங்கள். 48 வோல்ட்டை அணைத்து, டைரக்ட் மானிட்டரையும் அணைத்து, கெயினை அடியில் வையுங்கள், இல்லாவிட்டால் ஊளையிடும். ஏற்கெனவே பதிந்த, கூர்மையான தட்டல் உள்ள டிராக்கை ஓடவிட்டு அதை இன்னொரு டிராக்கில் பதியுங்கள். இரண்டின் அலைவடிவத்தையும் பெரிதாக்கி, ஒரே தட்டலின் தொடக்கங்களுக்கு இடையே எத்தனை சாம்பிள் என்று பாருங்கள். ரீப்பரின் விருப்பங்களில் ரெக்கார்டிங் பக்கத்தில் கைமுறை ஆஃப்செட் கட்டம் இருக்கிறது, அந்த எண்ணை அதில் போட்டு இதையே மறுபடி பதிந்து பாருங்கள். இடைவெளி இரட்டிப்பானால் கழித்தல் குறி போட வேண்டும். குவாண்டத்தை மாற்றினால் மறுபடி அளக்க வேண்டும், 128-க்கு எடுத்த எண் 512-க்குப் பொருந்தும் என்று நம்பாதீர்கள்.