நீலப்பச்சை ஒளிர்வு வேண்டும், பச்சைதான் வருகிறது. உதவி தேவை

கேட்டவர் (சேலம், எம்.எஸ்சி. இயற்பியல்):
வணக்கம். ப்ராஜெக்ட்டுக்காக யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் சேர்த்த ஸ்ட்ரான்சியம் அலுமினேட் பொடி செய்கிறேன். விளக்கை அணைத்த பிறகு நீலப்பச்சையாக ஒளிர வேண்டும். மூன்று முறை செய்தும் பச்சைதான். ஸ்ட்ரான்சியம், அலுமினியம் 1:2. சிரட்டைக்கரியைப் பொடி மேலேயே போட்டு மூடி, 1300 டிகிரியில் நான்கு மணி நேரம். டிஸ்ப்ரோசியத்தை இரண்டு மடங்காக்கியும் நிறம் மாறவில்லை. கடைசிப் பொடியில் புற ஊதா விளக்கின் கீழ் அங்கங்கே சிவப்புத் திட்டு. விளக்கை அணைத்தால் அந்த இடம் மட்டும் இருட்டு. அடுத்த வாரம் கைடிடம் காட்ட வேண்டும். எங்கே தப்பு?

அஸ்தம்பட்டி:
டிஸ்ப்ரோசியத்தை விடும்மா, அது நிறத்தைத் தொடாது. அதைச் சேர்ப்பது பொறிகளுக்காக, அதாவது படிகத்தில் சார்ஜைப் பிடித்து வைக்கும் இடங்களுக்காக. பொறியில் மாட்டிய சார்ஜ் அறை வெப்பத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வருவதால்தான் மணிக்கணக்கில் ஒளிர்கிறது. வெளிச்சம் விடுவது யூரோப்பியம். அதன் வெளி எலக்ட்ரான் சுற்றியிருக்கும் ஆக்சிஜன்களின் நெருக்கத்தை அப்படியே உணரும். அதனால் படிகம் மாறினால் நிறம் மாறும். 1:2 போட்டால் ஒளியின் அலைநீளம் 520 நானோமீட்டர், பச்சை. உனக்கு வேண்டியது ஸ்ட்ரான்சியம் 4, அலுமினியம் 14 உள்ள படிகம். அது 490 பக்கம் ஒளிரும். 1:3.5 விகிதத்தில் எடை போடு. போரிக் அமிலம் சேர்க்கத் தவறாதே, இந்தப் படிகம் உருவாக அது பெரிதும் உதவும்.

கன்னங்குறிச்சி:
சிவப்புத் திட்டு வேறு கதை. அங்கே யூரோப்பியம் 3+ நிலையிலேயே நின்றுவிட்டது. விளக்கு இருக்கும்வரை 612 பக்கம் சிவப்பு தரும், அணைத்தால் போய்விடும். ஓர் எலக்ட்ரானைப் பெற்று 2+ ஆக ஒடுங்கினால்தான் இந்தப் பொடியில் பின்னொளிர்வு. கரியைப் பொடியோடு கலக்காதீர்கள், சாம்பல் சேரும். சின்னக் குரூசிபிளில் (உலைச் சூடு தாங்கும் கிண்ணம்) பொடி, அதைப் பெரிய குரூசிபிளுக்குள் வைத்து, சுற்றிலும் கரி நிரப்பி மூடுங்கள். கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். யூரோப்பியத்தை ஒடுக்குவது அதுதான், ஆனால் நச்சு வாயு. எக்ஸாஸ்ட் ஓடாமல் உலையைப் போடவே கூடாது.

கேட்டவர்:
நன்றி அண்ணா. முழு நீலம் வேண்டுமென்றால்? மெக்னீசியம் சேர்ந்த சிலிகேட் என்று படித்தேன். நம் ஊர் மாக்னசைட்டே போதுமா?

கன்னங்குறிச்சி:
ஆமாம், ஸ்ட்ரான்சியம் மெக்னீசியம் சிலிகேட் 470 பக்கம் ஒளிரும். ஆனால் வெட்டியெடுத்த கல் வேண்டாம். அதிலுள்ள இரும்பு துளி இருந்தாலும் ஒளிர்வைத் தின்றுவிடும். ஆய்வகத் தரத்தில் மெக்னீசியம் ஆக்சைடு வாங்குங்கள்.

ஏற்காடு:
நான் எஸ்டேட் வாசல் பலகைக்கு இந்தப் பச்சைப் பொடியைத் தண்ணீர் பெயிண்டில் கலந்து பூசினேன். மழையும் மூடுபனியும் சேர்ந்த இரண்டு வாரத்தில் ஒளிர்வே போய்விட்டது. அலுமினேட் தண்ணீரில் சிதையும் என்று பிறகுதான் தெரிந்தது. தங்கச்சி, பொடியைத் தண்ணீரில் கழுவிவிடாதே.

அஸ்தம்பட்டி:
இன்னொன்று. மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்கு நிறமே சரியாகத் தெரியாது. பச்சைகூட வெளிறி நீலம்போல் தோன்றும். கண்ணை நம்பாதே, அணைத்த முதல் நிமிடத்திலேயே ஸ்பெக்ட்ரம் எடு, எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளி என்று அது காட்டும்.

கேட்டவர் (ஆறு நாள் கழித்து):
1:3.5, போரிக் அமிலம், இரட்டைக் குரூசிபிள். சிவப்புத் திட்டு ஒன்றுகூட இல்லை. உச்சி 491-இல் நிற்கிறது. 520 பக்கம் சின்னத் தோள் (உச்சியின் ஓரத்தில் ஒரு புடைப்பு) ஒன்று மிச்சம். பழைய படிகம் கொஞ்சம் கலந்திருக்கிறது போல. எந்தெந்தப் படிகம் இருக்கிறது என்று பார்க்க எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் கொடுத்திருக்கிறேன், வந்ததும் இங்கேயே போடுகிறேன்.