புதுப்பிப்பு: பச்சைச் சுவர் இப்போது கொஞ்சம் காடாகியிருக்கிறது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன், கிரிட்டா என்ற கணினி ஓவிய மென்பொருளில் நான் வரையும் காடு ஏன் பச்சைச் சுவர் மாதிரியே நிற்கிறது என்று. "இலை பிரஷை மூடி வைத்துவிட்டு நேரில் போய்ப் பாருங்க தம்பி" என்றார் ஒரு அண்ணன். ஞாயிற்றுக்கிழமை குமரி மாவட்டக் காட்டுப் பகுதியான காளிகேசம் போனேன்.

காரணம் அங்கேதான் பிடிபட்டது. எங்கள் வீடு குலசேகரம் பக்கம். சுற்றிலும் ரப்பர் தோட்டம். சம இடைவெளி, ஒரே பருமன், நேர் வரிசை. என் கை அதையே வரைந்திருக்கிறது. காட்டில் மூன்று மரம் நெருங்கி நிற்கும், அப்புறம் வெறும் இடம், ஒன்று இன்னொன்றின் மேல் சாய்ந்து கிடக்கும்.

நிறமும் அப்படித்தான். வெயில் பின்னாலிருந்து ஊடுருவும் இலை மஞ்சள் கலந்த பச்சை. வானம் மேலே பட்டு மினுங்கும் இலை நீலச் சாம்பல். இப்போது முதலில் மூன்றே லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வரும் அடுக்கு): தூரம் வெளிறிய நீலம், நடு மிதம், முன்னால் இருட்டு. தனித்தனி இலை, வெளிச்சம் விழும் ஓரத்தில் மட்டும்.

பாறையின் ஈரப் பாசிதான் இன்னும் பிளாஸ்டிக் போலத் தெரிகிறது. அதை எப்படி வரைகிறீர்கள்?