மாடி எடுக்கிறோம்: கீழ் டிபியிலிருந்து ஒரே 4 ஸ்கொயர் வயர் போதுமா?

தக்கலைக்காரன்:

அண்ணன்மாருக்கு வணக்கம். தக்கலை பக்கத்துல 2004-ல கட்டின வீடு, கீழ்த்தளம் மட்டும். இப்போ மேல ரெண்டு படுக்கையறை, சின்ன அடுக்களை, ரெண்டு பாத்ரூம் எடுக்கிறோம். சுவர் லிண்டல் மட்டம் தாண்டியாச்சு, மழை விட்டா அடுத்த மாசம் வார்ப்பு.

மேல வரப்போறது: 1.5 டன் ஏசி ஒண்ணு, 1 டன் ஒண்ணு, 15 லிட்டர் ஹீட்டர் ரெண்டு (2000 வாட் வீதம்), இண்டக்‌ஷன் அடுப்பு, வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், நாலு ஃபேன், லைட்டுங்க. இப்போ இருக்கிறது சிங்கிள் ஃபேஸ் இணைப்பு. கீழ 8 வழி டிபி (மெயின் கரண்டைப் பல லைனாப் பிரிக்கிற பெட்டி), அதுல ஒரு ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிஞ்சா அறுக்கிற சுவிட்ச்). அது மழை நாள்ல காரணமே தெரியாம விழும்.

வயரிங் பண்றவர் கீழ் டிபியிலிருந்து ஒரு 4 ஸ்கொயர் (4 சதுர மில்லிமீட்டர்) வயர் மேல கொண்டுபோய் அங்க பிரிச்சுக்கலாம்னு சொல்றார். சரியா வருமா? கீழ இருக்கிற இன்வெர்ட்டரிலிருந்தே மேலேயும் லைட், ஃபேன் எடுக்கணும். வார்ப்புக்கு முன்னாடி என்னென்ன முடிவு பண்ணணும்?

வயர்மேன் குழித்துறை:

தம்பி, சரியா வராது. கணக்கைப் பாருங்க. ஏசி ரெண்டும் 1600 + 1200, ஹீட்டர் ரெண்டும் 4000, அடுப்பு 2000, வாஷிங் மெஷின் 500, மத்த சில்லறை எல்லாம் சேர்த்து 600. மொத்தம் 9900 வாட், 230 வோல்ட்டுக்கு 43 ஆம்ப்ஸ். எல்லாம் ஒரே நேரத்துல ஓடாதுன்னு ஒரு ஹீட்டரையும் சில்லறையையும் கழிச்சாலும் 32 ஆம்ப்ஸ் நிக்கும். சுவருக்குள்ள பைப்புல போற 4 ஸ்கொயர் செம்பு வயர் நம்ம வெயிலுக்கு 25 ஆம்ப்ஸுக்கு மேல நிம்மதியா தாங்காது. எம்சிபி (கரண்ட் அளவு மீறினா தானா அறுக்கிற சுவிட்ச்) அடிக்கடி விழுதேன்னு யாராவது ஒருநாள் 40 ஆம்ப்ஸ் எம்சிபி மாத்துவாங்க. அதுக்கப்புறம் உருகுறது வயர்தான்.

இந்த லோடுக்கு 3 ஃபேஸ்தான். செக்‌ஷன் ஆபீஸ்ல கீழ் லோடையும் சேர்த்துக் காட்டி இப்பவே விண்ணப்பம் கொடுங்க. இலவச யூனிட் ரெண்டு தடவை கிடைக்கும்னு மாடிக்குத் தனி இணைப்பு கேக்கிற யோசனை இருந்தா, மேல தனிக்குடித்தனம், தனி வழி இருந்தாதான் அதுல அர்த்தம் உண்டு.

மாடிக்குத் தனி டிபி வேணும். மீட்டர் பக்கத்துல 25 ஆம்ப்ஸ் 4 போல் எம்சிபி (மூணு ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அறுக்கிறது) ஒண்ணு. அங்கிருந்து 6 ஸ்கொயர்ல மூணு ஃபேஸ், ஒரு நியூட்ரல், அதே அளவுல ஒரு எர்த்து. அஞ்சு வயரும் 32 எம்எம் பைப்புல நேரா மாடி டிபிக்கு ஏறணும், நடுவுல எங்கேயும் ஜாயிண்ட் கூடாது.

ஃபேஸ் பிரிப்பு: சிவப்புல பெரிய ஏசியும் ஒரு ஹீட்டரும், 3600 வாட். மஞ்சள்ல சின்ன ஏசியும் மத்த ஹீட்டரும், 3200. நீலத்துல அடுப்பு, வாஷிங் மெஷின், மீதி எல்லாம், 3100. அதிகமா இழுக்கிற ஃபேஸே 16 ஆம்ப்ஸை ஒட்டித்தான் நிக்கும், 25 தாராளம்.

மாடி டிபியிலிருந்து ஏசிக்கு ஒண்ணுக்கு ஒண்ணு தனி 4 ஸ்கொயர், 20 ஆம்ப்ஸ் ‘சி’ கர்வ் எம்சிபி (ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கிற கூடுதல் கரண்டுக்கு உடனே விழாத வகை). ஹீட்டருக்கும் தனித்தனி. 2000 வாட்டுக்கு 9 ஆம்ப்ஸ்கூட வராது, 2.5 ஸ்கொயரும் 16 ஆம்ப்ஸ் எம்சிபியும் போதும். ஆனா பின்னாடி 3000 வாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் மாட்டுவீங்கன்னா இப்பவே 4 ஸ்கொயர் இழுத்துடுங்க. சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே, ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து அறுபடுற 20 ஆம்ப்ஸ் டபுள் போல். அடுப்புக்கு ஒண்ணு, வாஷிங் மெஷினுக்கு ஒண்ணு. பவர் பிளக் ஒரு சர்க்யூட்டுக்கு ரெண்டுக்கு மேல வேண்டாம். லைட், ஃபேன் 1.5 ஸ்கொயர், பத்து பாயிண்டுக்கு ஒரு சர்க்யூட். 2.5 ஸ்கொயருக்கு 20 ஆம்ப்ஸ் எம்சிபி போட ஒத்துக்காதீங்க. ஒரே பைப்புல ரெண்டு சர்க்யூட் போனா சூட்டுல அதோட தாங்கும் திறன் அதுக்கும் கீழ இறங்கிடும். டிபியில ரெண்டு மூணு வழி காலியா இருக்கட்டும்.

எல்லாத்தையும் விட முக்கியம், ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் அதோட சொந்த நியூட்ரல் டிபி வரைக்கும் வரணும். வயர் மிச்சம் பிடிக்கிறேன்னு ரெண்டு சர்க்யூட்டுக்கு ஒரே நியூட்ரல் இழுக்கிறதுதான் நம்ம பக்கத்துல அதிகமா நடக்கிற கோளாறு.

வார்ப்பைப் பொறுத்தவரை, பைப்பு கீழ்க்கம்பிக்கு மேல, மேல்கம்பிக்குக் கீழ போகணும். பலகை மேல நேரா கிடந்தா பின்னாடி அந்தக் கோட்டுல விரிசல் விழும். தூண் தலையில பைப்பைக் கூட்டமா இறக்கக் கூடாது. 25 எம்எம் கனமான பைப்பு, ஜாயிண்ட் எல்லாம் பசை போட்டு, வளைவு அகலமா. வாயை அடைச்சு டேப் சுத்துங்க, இல்லேன்னா சிமெண்ட் பால் இறங்கி அந்தப் பைப்பே வீண். டிபியிலிருந்து மொட்டை மாடிக்கு ரெண்டு பைப்பு சும்மா விட்டுவையுங்க, சோலாருக்கும் தண்ணி டாங்கிக்கும் ஆகும். காங்கிரீட் விழுமுன்னே ஒவ்வொரு அறையையும் அளவு டேப்பு வச்சு போட்டோ எடுத்துக்கணும். ஃபேன் கொக்கி எங்கே, பைப்பு எங்கேன்னு அப்புறம் டிரில் பிடிக்கிறவனுக்குத் தெரியாது.

குளச்சல் கடலோரம்:

குழித்துறைக்காரர் சொன்னதுல மாற்றமில்ல. எர்த்திங் விட்டுப்போச்சு, அதைச் சேர்க்கிறேன்.

தக்கலை செம்மண், சரல் மண். பங்குனி, சித்திரையில காஞ்சு எர்த் தடை (ஓம்) ஏறிடும், மழைக்காலத்துல அளந்துட்டு நல்லா இருக்குன்னு விட்டுடாதீங்க. 40 எம்எம் ஜிஐ பைப்பு 2.5 மீட்டர், கரியும் உப்பும் போட்ட குழி ரெண்டு, ஒண்ணுக்கொண்ணு 5 மீட்டராவது தள்ளி. உப்பு ஜிஐ-யை அரிக்கும். அதனால செம்புப் பூச்சு போட்ட 3 மீட்டர் கம்பியும் குழியை நிரப்புற பேக்ஃபில் பவுடரும் எனக்குக் கூடுதல் திருப்தி. எங்க கடலோரத்துல அது இல்லாம நடக்காது.

எர்த் 5 ஓம் வந்தாலும் அதை மட்டும் நம்பாதீங்க. ஹீட்டர் உடம்புல ஃபேஸ் தொட்டா 5 ஓமுல ஓடுறது 46 ஆம்ப்ஸ். 16 ஆம்ப்ஸ் ‘சி’ எம்சிபி உடனே விழ குறைஞ்சது 80 வேணும். சூடேறி மெதுவாத்தான் விழும், அதுவரைக்கும் ஹீட்டர் உடம்புல கரண்ட் இருக்கும். 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்சிசிபி இருந்தா கண் இமைக்குமுன்னே அறுத்துடும்.

ஐப்பசி இடிக்கு டைப் 2 எஸ்பிடி (இடியில ஏறுற வோல்டேஜை எர்த்துக்கு இறக்குற கருவி) ஒண்ணு மெயினுக்குப் பக்கத்துல. அதோட வயர் மொத்தமும் அரை மீட்டருக்குள்ள இருக்கணும். சுத்தி வளைச்சு ரெண்டு மீட்டர் போனா போட்ட காசுக்குப் பலன் பாதிதான்.

தக்கலைக்காரன்:

கொள்ளாம் அண்ணாச்சி, தெளிவாச்சு. ரெண்டு சந்தேகம் மிச்சம். ஆர்சிசிபி கீழ இருக்கிற ஒண்ணே மாடிக்கும் போதுமா? அப்புறம் ஒரு ஃபேஸ் போனா மாத்திக்க ‘ஃபேஸ் சேஞ்சர்’ வைக்கலாமா?

பேனல் வேலை நாகர்கோவில்:

ஒரே ஆர்சிசிபி வேண்டாம். ஒரு ஹீட்டர் காயில் கசிஞ்சா வீடு மொத்தம் இருட்டாயிடும். மாடிக்கு ஃபேஸுக்கு ஒண்ணா 2 போல், 30 மில்லிஆம்ப்ஸ், 40 ஆம்ப்ஸ் மூணு போடுங்க. அதுக்குன்னே ‘பர் ஃபேஸ்’ டிபி கடையில கிடைக்கும். மூணுக்கும் மூணு நியூட்ரல் லிங்க் (நியூட்ரல் வயரெல்லாம் சேர்ற பட்டை) இருக்கும், அந்தந்த ஃபேஸோட நியூட்ரல் அந்தந்த லிங்க்குக்கே போகணும். இன்வெர்ட்டர் ஏசிக்கும் ஃப்ரண்ட் லோட் மெஷினுக்கும் ‘டைப் ஏ’ ஆர்சிசிபி கேட்டு வாங்குங்க. சாதாரண ‘டைப் ஏசி’ வகை ஆர்சிசிபி அந்த மாதிரி மெஷின்ல வர்ற கசிவைச் சரியா உணராது.

கீழ மழைக்கு விழறது பெரும்பாலும் வெளி பாயிண்ட்: கேட் லைட், காலிங் பெல், மோட்டார். எம்சிபி எல்லாம் இறக்கியும் விழுதுன்னா குழம்ப வேண்டாம், ஒத்தைப் போல் எம்சிபி ஃபேஸை மட்டும்தான் அறுக்கும். நியூட்ரல் ஈரத்துல எர்த்தைத் தொட்டிருந்தா அது அப்படியே நிக்கும். மெயினை இறக்கிட்டு நியூட்ரல் லிங்க்ல ஒவ்வொரு வயரா கழட்டி, 500 வோல்ட் மெக்கர்ல (இன்சுலேஷன் அளக்கிற மீட்டர்) எர்த்தோட அளங்க. ஒரு மெகா ஓமுக்குக் கீழ காட்டறதுதான் ஆள். அளக்கிறதுக்கு முன்னே எல்இடி, டிவி எல்லாம் கழட்டணும்.

இன்வெர்ட்டர் லைனுக்கு மேல தனி வயர் ஜோடி, தனி நியூட்ரல் லிங்க், இன்வெர்ட்டர் அவுட்புட்லயே ஒரு சின்ன 2 போல் ஆர்சிசிபி. அந்த நியூட்ரலை மாடி டிபி லிங்க்ல சேர்த்தா அங்கே ஆர்சிசிபி நிக்கவே நிக்காது. வயரிங்காரர் ‘ஆர்சிசிபி கெட்டது’ன்னு சொல்லி அதைக் கழட்டி வீசுற கதை இங்கதான் ஆரம்பிக்கும்.

ஃபேஸ் சேஞ்சர் விஷயத்துல கவனம். மூணு ஃபேஸும் சமமா ஓடும்போது நியூட்ரல்ல கரண்ட் கொஞ்சம்தான். மெயின் எம்சிபிக்கு முன்னாடி சேஞ்சர் வச்சு மூணையும் ஒரே ஃபேஸுக்குத் திருப்பினா, ஒவ்வொரு ஃபேஸ் போலும் 25-க்குள்ளதான் இருக்கு, நியூட்ரல் போல்ல பாதுகாப்பு இல்லாத எம்சிபின்னா எதுவும் விழாது. ஆனா திரும்பி வர்ற மொத்தக் கரண்டும் அந்த ஒரே 6 ஸ்கொயர் நியூட்ரல்ல, 43 ஆம்ப்ஸ் வரைக்கும். அது கருகி அறுந்துட்டுதுன்னா, மூணு ஃபேஸும் திரும்ப வந்த நிமிஷம் குறைஞ்ச லோடு உள்ள ஃபேஸ்ல 400 வோல்ட் பக்கம் ஏறி டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் போயிடும். அவசியம்னா லைட், ஃபேன், ஃப்ரிட்ஜ் மட்டும் உள்ள ஆர்சிசிபிக்கு முன்னாடி வையுங்க, ஏசி, ஹீட்டர், அடுப்பு எதுவும் அதுல வரக் கூடாது. அடுப்பும் மெஷினும் அதே நீல ஃபேஸ்ல இருக்கிறதால நீலத்துக்கு ரெண்டு ஆர்சிசிபியா பிரிச்சு, ரெண்டாவதுக்கும் தனி நியூட்ரல் லிங்க் கொடுக்க வேண்டி வரும். டிபி வாங்கும்போதே அந்த அளவுக்குப் பெருசா வாங்கிடுங்க. மெயின்ல ஓவர் வோல்டேஜ் கட் ஆஃப் ஒண்ணும் இருக்கட்டும். நியூட்ரல் லிங்க் ஸ்க்ரூவை ஆறு மாசம் கழிச்சு மெயினை இறக்கிட்டு ஒருதடவை இறுக்கச் சொல்லுங்க.