எப்சிடினைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கிளிநொச்சி: வணக்கம். காசநோய்க் கையேடு செவ்வாய்க்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் இடறி நிற்கிறேன். எப்சிடின் என்பது ஈரல் சுரக்கும் ஓமோன். 25 அமினோ அமிலங்கள்தான். காசநோயின் அழற்சியில் இது கூடி, கலங்களிலிருந்து இரும்பு வெளியேறும் வழியான பெரோபோர்ட்டினை அழிக்கிறது. குருதியில் இரும்பைக் குறைத்து, வெளியே திரியும் கிருமிகளைப் பட்டினி போடும் தந்திரம் இது. காசக்கிருமி குடியிருப்பதோ கிருமி விழுங்கும் பெருங்கலங்களுக்குள். இரும்பு தேங்குவதும் அங்கேதான். போன கிழமை ஒரு தாய் கேட்டார்: “முருங்கையிலை வறை நாள்தோறும் கொடுக்கிறேன், பிள்ளைக்கு ஏன் இரத்தம் ஊறவில்லை?” அவருக்கு விளங்கும் சொல் வேண்டும்.

வவுனியா: மூலத்தைப் பாருங்கள் ஐயா. ஈரலும் கொல்லுதலும் சேர்ந்த பெயர். நுண்ணுயிர்கொல்லியாகத்தான் முதலில் கண்டார்கள். ‘ஈரற்கொல்லி’.

மாங்குளம்: அண்ணை, ஈரலைக் கொல்வது என்றுதான் வாசிப்பார்கள். காசநோய் மருந்தான ஐசோனியாசிட் ஈரலைத் தாக்கலாம் என்று கேள்விப்பட்டே மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ‘இரும்படை’ போதும், இரும்பை அடைப்பது.

வவுனியா: இரும்பு + அடை மட்டுமா? இரும் + படையும் இரும்படைதான், பெரும்படை. வன்னியில் அப்படிப் பிரிக்க இலக்கணம் படித்திருக்கத் தேவையில்லை.

முல்லைத்தீவு: துருசு இருக்கிறதே, குளத்து நீரைத் திறந்துவிடும் மதகு! குளம் வான் பாய நிறைந்திருந்தாலும் துருசு பூட்டியிருந்தால் வயல் காயும். துரு இரும்பின் கறையும் அல்லவா? ‘இரும்புத்துருசு’ தானாகவே வாய்க்கிறது.

வவுனியா: வாய்க்காது. துருசுக்கு மயில்துத்தம் என்றும் பொருள் உண்டு, அது செம்பின் உப்பு. தவிர, துருசு பெரோபோர்ட்டின். எப்சிடின் அதைப் பூட்டுவது. பூட்டுவதுகூட இல்லை, துருசையே பெயர்த்துத் தூர்த்துவிடுகிறது.

மாங்குளம்: அப்படியென்றால் ‘துருசுப்பூட்டு’. தூர்ப்பதையெல்லாம் ஒரு சொல்லில் அடக்க முடியாது.

கிளிநொச்சி: திங்கள் இரவு பதினொரு மணி. மூவர் துருசுப்பூட்டுக்கு, அதையே போட்டேன், பக்கத்தில் எப்சிடினும் நிற்கிறது. குளமும் துருசும் கீறி, கீழே எழுதியது: “மருந்து வேலை செய்து அழற்சி தணியத் துருசுப்பூட்டு குறையும், பலருக்குச் சோகையும் தெளியும். இரும்பு மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார்.”

வவுனியா: என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். ‘ஓமோன்’ என்பதையும் அப்படியே விட்டிருக்கிறீர்கள். அதற்குத் தனி மடல் வருகிறது.