எழுதிய கட்டுரைகளை ஏஐ குரலில் பாட்காஸ்ட் ஆக்குவது: எந்தக் குரல், எவ்வளவு திருத்தம்?

கேள்வி: கல்லெழுத்து

வணக்கம். சோழர் காலக் கோயில்களையும் கல்வெட்டுகளையும் பற்றிச் சில ஆண்டுகளாகக் கட்டுரைகள் எழுதி வருகிறேன். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1500 சொற்கள் இருக்கும். வாசகர்களில் பெரும்பாலானோர் பணி ஓய்வு பெற்றவர்கள். கைப்பேசித் திரையில் நெடுநேரம் படிக்கக் கண் ஒத்துழைப்பதில்லை என்றும், காலை நடையின்போது கேட்கும்படி ஒலிவடிவில் கிடைத்தால் நன்றாக இருக்கும் என்றும் அவர்கள் தொடர்ந்து கேட்கிறார்கள். நானே பேசிப் பதிவு செய்யலாம் என்றால், என் வீடு பேருந்து நிலையத்தை ஒட்டியிருப்பதால் ஹாரன் சத்தம் ஓய்ந்த நேரம் என்று ஒன்று கிடையாது.

ஆகவே ஏஐ குரலை நாடினேன். தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றிய கட்டுரையை அப்படியே ஒரு கருவியில் இட்டுக் கேட்டபோது, குரல் இனிமையாகவே இருந்தும் சில நிமிடங்களுக்கு மேல் மனம் அதில் ஒட்டவில்லை. எங்கே பழுது என்றும் பிடிபடவில்லை. வேறு குரலுக்கு மாற வேண்டுமா, கட்டுரையைத் திருத்த வேண்டுமா? பணம் செலுத்தித்தான் ஆக வேண்டுமா? பழைய வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் பதிவுகளைக் கொடுத்து அவர் குரலிலேயே பேச வைக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது முறையா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஒலிச்சாவடி

குரலை மாற்றுவதால் பெரிய பயன் இராது. கண்ணுக்காக எழுதிய கட்டுரையைக் காதுக்கு அப்படியே கொடுத்திருக்கிறீர்கள். பழுது அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு கட்டுரைக்கும் ‘வாசிப்புப் படி’ என்று தனியாக ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இருக்கும் மூலத்தைத் தொட வேண்டாம்; திருத்தம் அனைத்தும் இந்தப் படியில் மட்டும் நடக்கட்டும்.

முதலில் எண்கள். ‘1010இல்’ என்று எழுதியிருந்தால் சில குரல்கள் ‘ஆயிரத்துப் பத்து’ என்று சொல்லி நிறுத்திவிட்டு, ‘இல்’ என்பதைத் தனிச்சொல்லாக உதிர்க்கும். ‘985–1014’ என்று கோடு போட்டிருந்தால், கோட்டை விழுங்கிவிட்டு இரண்டு எண்களையும் ஒட்டிச் சொல்லும். எனவே ‘ஆயிரத்துப் பத்தாம் ஆண்டில்’, ‘தொள்ளாயிரத்து எண்பத்தைந்து முதல் ஆயிரத்துப் பதினான்கு வரை’ என்று எழுத்தாலேயே எழுதிவிடுங்கள். பெரிய கோயில் விமானத்தின், அதாவது கருவறைக் கோபுரத்தின், உயரத்தை ‘216 அடி (ஏறத்தாழ 66 மீ.)’ என்று கொடுத்திருப்பீர்கள். அடைப்புக்குறியைக் கண்டதும் குரல் தடுமாறும், ‘மீ.’ என்பது வெறும் ‘மீ’ ஆகிவிடும். புள்ளியை வாக்கிய முடிவாக எடுத்துக்கொண்டு தேவையற்ற இடத்தில் மூச்சும் விடும். கேட்பவருக்கு ஓர் அளவு போதும்: ‘இருநூற்றுப் பதினாறு அடி’. கி.பி., உ.வே.சா., தெ.இ.க. (தென்னிந்தியக் கல்வெட்டுகள்) போன்ற சுருக்கங்களுக்கும் இதே சிக்கல்தான்.

அடுத்தது உச்சரிப்பு. க, ச, ட, த, ப ஆகியவை இடத்துக்கு ஏற்ப வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிப்பதை நன்கு பயின்ற குரல்கள் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் வடசொற்களிலும் பெயர்களிலும் சறுக்கும். ‘கண்டம்’ என்பது நிலப்பரப்பா, ஆபத்தா என்பதை எழுத்து காட்டாது. ‘பாவம்’ என்பதில் பாவபுண்ணியத்தின் ஒலி ஒன்று, நடனக் கலையில் வரும் பாவத்தின் ஒலி வேறு. ‘இராசராசன்’ என்று நீங்கள் மரபுப்படி எழுதினால் முதல் எழுத்தை அழுத்தி ‘இ-ராசராசன்’ என்றே அது வாசிக்கும். வாசிப்புப் படியில் மட்டும் ‘ராஜராஜன்’ என்று மாற்றினால் கேட்க இயல்பாக இருக்கும். இப்படி உங்கள் துறையில் அடிக்கடி வரும் பெயர்களுக்கு ஒரு மாற்றுப் பட்டியல் வைத்துக்கொண்டால், அடுத்தடுத்த கட்டுரைகளில் ‘கண்டுபிடித்து மாற்று’ வசதியைக் கொண்டே வேலை முடிந்துவிடும்.

பழைய கட்டுரைகளைப் பாமினி, டிஸ்கி முதலிய பழைய எழுத்துருக்களிலிருந்து ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றியிருந்தால் இன்னொன்றையும் பாருங்கள். ‘ஔவையார்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒ, ள என்ற இரண்டு எழுத்துகள் அடுத்தடுத்து நிற்கும். கண் இதைப் பொருட்படுத்தாது. குரலோ ‘ஒளி’ என்று தொடங்குவதைப் போல ‘ஒள-வையார்’ என்று வாசித்து மானத்தை வாங்கிவிடும். ‘எ’ இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண்ணாகிய ௭, ‘உ’ இருக்க வேண்டிய இடத்தில் ௨ என்று புகுந்திருப்பதும் உண்டு. அச்சுப்பிழை திருத்துபவர் கண்ணுக்கே தப்பும் இவை ஒலியில் உடனே அகப்பட்டுவிடும் என்பதால், கட்டுரையின் மூலத்தைத் திருத்திக்கொள்ளவும் இது ஒரு வாய்ப்பு.

பதில்: மைக்குமுன்

வானொலியில் பல ஆண்டுகள் எழுதியும் வாசித்தும் இருந்தவள் என்ற முறையில், வாக்கிய அமைப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. எச்சங்களையும் பெயரடைகளையும் அடுக்கிக்கொண்டே போகும் வாக்கியத்தைப் படிப்பவர், குழம்பினால் மேலே ஒருமுறை பார்த்துக்கொள்வார். நடந்துகொண்டே கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. ‘சாளுக்கியரை வென்று ஈட்டிய பொன்னைக் கொண்டு கோயிலுக்குப் பல கொடைகளை வழங்கிய, அருண்மொழி என்னும் இயற்பெயருடைய, தஞ்சையைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மன்னன்’ என்று போனால், யாரைப் பற்றிய பேச்சு என்பது தெரிவதற்குள் பாதிச் செய்தி காற்றில் போய்விடும். பெயரை முன்னால் வையுங்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி. முந்தைய பத்தியில் வந்த ஆளை ‘அவர்’ என்று சுட்டாமல் மறுபடியும் பெயரால் சொல்லுங்கள். ‘மேலே உள்ள படத்தில் காண்க’, ‘இங்கே சொடுக்குக’ போன்ற தொடர்கள் ஒலியில் வந்தால் கேட்பவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

இதற்காகப் பேச்சுத்தமிழுக்கு மாற வேண்டும் என்று பலர் அறிவுரை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சரோஜ் நாராயணஸ்வாமி ஆகாசவாணியில் செய்தி வாசித்தது தூய எழுத்துத்தமிழில்தான். ஊரே நின்று கேட்டது. மேலும் இன்றைய செயற்கைக் குரல்களுக்கு எழுத்துத்தமிழ்தான் நன்றாக வருகிறது. ‘போயிட்டு வந்தாங்க’ என்று எழுதிக்கொடுத்தால், அதையும் செய்தி அறிக்கையின் ஏற்ற இறக்கத்தோடு வாசிக்கும், கேட்கச் சகிக்காது.

அறிவிப்பாளரின் குரலைப் போலி செய்வதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். குரல் அவருடைய பிழைப்பு. அவர் மறைந்திருந்தால் அவருடைய குடும்பத்தின் உடைமை என்றாவது கருதுங்கள். 2024இல் ஏ. ஆர். ரகுமான், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏஐ கொண்டு பயன்படுத்தியபோது, குடும்பத்தாரின் இசைவைப் பெற்று ஊதியமும் வழங்கியதாக அறிவித்தார். அதே ஆண்டில் பாடகர் அரிஜித் சிங் தொடுத்த வழக்கில், அவர் குரலை அனுமதியின்றி ஏஐ மூலம் உருவாக்குவதற்கு மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கல்வெட்டுக் கட்டுரைக்கு இந்த வம்பு எதற்கு?

பதில்: வடமராட்சி

செலவைப் பற்றியும் குரல்களைப் பற்றியும் ஒருவரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். மைக்ரோசாஃப்டின் இணையவழிச் சேவையான அஷூரில் தமிழுக்கு நான்கு நாடுகளின் குரல்கள் உண்டு: இந்தியாவுக்குப் பல்லவி, வள்ளுவர், இலங்கைக்குச் சரண்யா, குமார், சிங்கப்பூருக்கு வெண்பா, அன்பு, மலேசியாவுக்குக் கனி, சூர்யா. நான் ஈழத்து ஊர்களின் வரலாற்றுக்குக் குமாரைத்தான் பாவிக்கிறேன். அதற்காக யாழ்ப்பாணத்தார் கதைப்பதைப் போலவே இருக்கும் என்று எதிர்பார்த்துவிடாதீர்கள். உங்களுடைய கட்டுரைகளுக்கு வள்ளுவர் பொருந்தக்கூடும். கூகுள், இலெவன்லேப்ஸ், சர்வம் ஆகிய நிறுவனங்களின் குரல் கருவிகளிலும் தமிழ் இருக்கிறது. கணினி நுட்பம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால், சென்னை ஐஐடியைச் சேர்ந்த ஏஐ4பாரத் குழு வெளியிட்டுள்ள திறமூல (ஓப்பன் சோர்ஸ்) ஏஐ மாதிரிகளைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டிக் குரலை உருவாக்கலாம்.

கட்டணத்தை எழுத்துக்குறிக் கணக்கில் போடுவார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. ஒருங்குறியில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. ஆகையால் 1500 சொற்கள் கொண்ட கட்டுரை இடைவெளிகளையும் சேர்த்து ஏறத்தாழ 15,000 குறிகள் வரை போகும். அஷூரின் இலவசத் திட்டம் மாதம் 5 லட்சம் குறிகள் வரை தருகிறது. வாரம் ஒரு கட்டுரை வெளியிட்டு, திருத்தித் திருத்தி மறுபடி ஓட்டினாலும் அது தாராளம். ஆனால் ஒரு சொல் பிழைத்ததற்காக முழுக் கட்டுரையையும் மறுபடி ஓட்டாதீர்கள். பத்தி பத்தியாகத் தனித்தனிக் கோப்புகளாக எடுத்து, பிழைத்த பத்தியை மட்டும் மாற்றி, ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

வெளியிடும்போது, இது ஏஐ குரல் என்பதைத் தொடக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். ஒலியின் பெரும்பகுதி ஏஐயால் உருவானதாக இருந்தால் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்பது ஆப்பிள் பாட்காஸ்ட்ஸின் விதி. யூடியூபில் ஏற்றி வருமானம் பார்க்கும் எண்ணம் இருந்தால், அச்சில் வார்த்ததைப் போல மொத்தமாகத் தயாரிக்கப்படும் காணொளிகளுக்கு அங்கே விளம்பர வருமானம் கிடைக்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பதில்: சுருக்குவழி

இவ்வளவு சிரமம் எதற்கு? கூகுளின் நோட்புக்எல்எம் செயலியில் கட்டுரையை ஏற்றினால், இரண்டு பேர் உரையாடுவதைப் போன்ற ஒலிப்பதிவைத் தானே உருவாக்கித் தருகிறது. 2025 முதல் தமிழிலும் கிடைக்கிறது. எண், சுருக்கம் என்று எதையும் திருத்த வேண்டியதில்லை. கேட்கவும் கலகலப்பாக இருக்கும்.

பதில்: ஒலிச்சாவடி

கட்டுரை எதைப் பற்றியது என்று விரைவாக அறிய அது நல்ல கருவிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது உங்கள் கட்டுரையை வாசிப்பதில்லை. தன் சொற்களில் திருப்பிச் சொல்கிறது. ‘கல்வெட்டில் இவ்வாறு இருக்கலாம்’ என்று நீங்கள் தயங்கி எழுதியது, ‘இவ்வாறு இருக்கிறது, வியப்பாக இல்லையா?’ என்று மாறிவிடும். ஆய்வுக் கட்டுரையில் அந்தத் தயக்கத்துக்குத்தான் மதிப்பு. கல்லெழுத்து அவர்களின் பெயரில் வெளிவரும் ஒலியில் அவர் எழுதாத வாக்கியம் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது என் கருத்து.

கல்லெழுத்து

அனைவருக்கும் நன்றி. போலிக்குரல் யோசனையைக் கைவிட்டேன். முதல் பத்தியை மட்டும் வாசிப்புப் படியாக மாற்றி, நீண்ட வாக்கியங்களை உடைத்து, வள்ளுவர் குரலில் கேட்டேன். அதே கருத்துதான், ஆனால் இப்போது பின்தொடர முடிகிறது.

ஒன்று மட்டும் தீரவில்லை. என் கட்டுரைகளில் மெய்க்கீர்த்தி வரிகள், அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் மன்னனைப் புகழும் செய்யுள் வரிகள், நிறைய வரும். ‘திருமகள் போலப் பெருநிலச் செல்வியும் தனக்கே யுரிமை பூண்டமை மனக்கொள’ என்ற இடத்தில் குரல் ‘தனக்கே’ என்று நிறுத்திவிட்டு ‘யுரிமை’ என்று ஏதோ புதுச்சொல்லைப் போலத் தொடங்குகிறது. கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் ‘ஸ்வஸ்திஸ்ரீ’யிலும் திணறுகிறது. இந்த வரிகளை மட்டும் என் குரலில் பதிவு செய்து நடுவில் சேர்த்தால் ஒட்டாமல் தெரியுமா?

பதில்: மைக்குமுன்

ஒட்டாமல் தெரியட்டும் ஐயா, அதுதான் நல்லது. மேற்கோள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஒலியில் காட்ட மேற்கோள்குறி கிடையாது. இரண்டாவது குரல் அந்த வேலையைச் செய்துவிடும். கல்லில் இருப்பதை நீங்கள் வாசியுங்கள், விளக்கத்தை இயந்திரம் சொல்லட்டும். வேறு வழியில்லாமல் குரலுக்கே கொடுக்க நேர்ந்தால், சீர் பிரித்த பாடத்தைக் கொடுக்காமல் ‘தனக்கே உரிமை பூண்டமை’ என்று சொல் பிரித்துக் கொடுங்கள்.

ஹாரன் தொல்லைக்கு: ஜன்னலை மூடி, துணி அடைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதன் முன் அமர்ந்து, கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பதியுங்கள். நான்கு வரிதான் என்பதால் இரண்டு பேருந்துகளுக்கு இடையிலேயே முடித்துவிடலாம். பிறகு ஆடாசிட்டியில் உங்கள் குரலையும் இயந்திரக் குரலையும் தனித்தனியாக ஒரே உரப்பளவுக்கு (லவுட்னஸ்), அதாவது மைனஸ் 16 LUFS அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு இணையுங்கள். இணைத்த பிறகு சமன் செய்தால் இரண்டுக்கும் இடையே உள்ள ஏற்றத்தாழ்வு அப்படியே தங்கிவிடும்.